மோட்சம் கிடைக்குமோ?



“சுவாமி, எனக்கு மோட்சம் கிடைக்குமோ?” நோயில் பூசுதல் கொடுக்கப் போகும் வீடுகளில் குருக்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கிய பின்னரும் சிலருக்கு மனம் ஆறுவதில்லை.

1431-ம் ஆண்டு பிரான்சு நாட்டின் ரூவான் நகரில், ஏறக்குறைய 19 வயதான ஜோன் ஆப் ஆர்க் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். இஷ்டப்பிரசாத அந்தஸ்தில் இருக்கிறாயா என்று அவரைக் கேட்டனர். அது ஒரு கண்ணி. ஆம் என்றால் அகந்தை. இல்லை என்றால் தன் வாயாலேயே குற்றவாளி. இல்லையெனில் இறைவன் தம்மை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலே காக்கட்டும் என்றார் அவர். அவ்வாண்டு மே 30-ல், சிலுவையைத் தம் கண்முன் உயர்த்திப் பிடிக்கும்படி வேண்டி, யேசுவின் திருநாமத்தை உச்சரித்தபடியே தீயில் உயிர் நீத்தார். 1920-ல் திருச்சபை அவரைப் புனிதையாக உயர்த்தியது.

1547-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் படிப்பித்ததும் இதுவே. தன் மீட்பைப்பற்றி எவரும் இறுமாப்புடன் உறுதி கொள்ளலாகாது. ஆயினும் இறைவனின் துணையில் யாவரும் மிகத் திடமான நம்பிக்கை வைக்கவேண்டும். நம் மனம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தம்மிடம் வருபவரைத் தள்ளிவிடுவதில்லை என்று வாக்களித்த ஆண்டவரோ (அருளப். 6:37) மாறாதவர்.

எனவே பாவம் உறுத்தினால் தாமதியாது பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லுங்கள். மன்னிப்புப் பெற்றபின், மன்னித்தவரைச் சந்தேகியாதீர்கள். உங்கள் வீட்டு நோயாளி இக்கேள்வியைக் கேட்கும்போது, அவர் செய்த புண்ணியங்களை எண்ணிக்காட்ட வேண்டாம். பாடுபட்ட சுரூபத்தை அவர் கையில் கொடுங்கள். வாக்களித்தவர் அதிலே தொங்குகிறார்.