மாக்கோழியும் ஒளி விலங்கும்



பதினோராம் தீர்த்தங்கரராகிய சிரேயாம்சநாதரின் இலாஞ்சனம் யாது என்று நம் அறநெறி வகுப்புச் சிறார்களை வினவினால், காண்டாமிருகம் என உடனே விடையிறுப்பர். அஜிதநாதருக்கு யானை, சாந்திநாதருக்கு மான், மகாவீரருக்குச் சிங்கம் எனத் தொடர்ந்து ஒப்பிப்பர். ஜினபிம்பங்கள் பெரும்பாலும் ஒத்த வடிவின. பீடத்தில் பொறித்த சிற்றுருவைக் கண்டே இன்னார் என அறிகிறோம். ஓர் ஐயறிவுயிர் நமக்குப் பகவானை அடையாளம் காட்டுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

அண்மையில் நம் பேரன் கணினித் திரையில் ஒரு காண்டாமிருகத்தைக் காட்டினான். பிரிட்டனைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க் என்னும் கலைஞர் 2019இல் படைத்தது அது. புல்லும் நீரும் மரமும் இல்லாத வெற்று வெண்ணிற அறை. அதனுள் முதலில் சதுரச் சதுரக் கட்டிகளாய் ஏதோ அசைகிறது. அறையைச் சுற்றிச் சுற்றி வர, உருவம் திருந்துகிறது. தோலின் மடிப்பும் கண்ணும் தெளிகின்றன. மீண்டும் கட்டிகளாகிறது. மறைந்துபோன ஒரு மந்தையின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டே அதற்குக் குரல் அமைத்துள்ளனர். கண்காட்சியில் அதனை மெய்யான உடலளவிலேயே சுவரில் காட்டினராம். படைப்பின் பெயர் 'பதிலி' எனப் பொருள்படும்.

யாருக்குப் பதிலி? வடபுல வெள்ளைக் காண்டாமிருகம் என்னும் இனத்துக்கு. 1960 அளவில் நடு ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ 2,000 இருந்தன. 1984இல், இன்று காங்கோ எனப்படும் நாட்டின் கரம்பா தேசியப் பூங்காவில் 15 அளவே எஞ்சின. பின்னர் அவையும் இல்லை. 1975இல் குட்டியாகப் பிடிக்கப்பட்டுச் செக்கோஸ்லோவாக்கிய விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட சூடான் என்னும் ஆண், 2009இல் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்கு வந்து, துப்பாக்கி ஏந்திய காவலரிடையே வாழ்ந்து, 2018 மார்ச் 19ஆம் நாள் இறந்தது. அவ்வினத்தின் கடைசி ஆண் அதுவே. அதன் மகள் நஜினும், நஜினின் மகள் பாத்துவும் மட்டுமே மிஞ்சின. பாத்துவின் கருமுட்டைகளையும், முன்னரே இறந்த ஆண்களின் உறையவைத்த விந்தணுவையும் சேர்த்து அறிவியலார் கருக்களை ஆக்கிக் காத்து வருகின்றனர்.

இத்தனைக்கும் காரணம் மூக்கின் மேலுள்ள கொம்பு. அது எலும்பும் அன்று. நம் நகத்தில் உள்ள பொருளே அதிலும் உள்ளது. நகம் வெட்டி எறிகின்ற கையே அதனை மருந்தென்றும், குறுவாளுக்கு அழகிய பிடியென்றும் விலை கொடுத்து வாங்கியது. கொன்றவன் வேறு, வாங்கியவன் வேறு எனலாம். கிருதம், காரிதம், அனுமோதனை என மூன்றாக வகுத்த நம் ஆகமம் அவ்வாறு விடுவதில்லை. செய்தவனுக்கும், செய்வித்தவனுக்கும், 'நன்று' எனத் தலையசைத்தவனுக்கும் வினை ஒட்டும்.

இனி, 'பதிலி' என்ற சொல்லுக்கு வருவோம். அச்சொல்லைக் கேட்டதும் நமக்கு யசோதர காவியமே நினைவில் எழுந்தது. சண்டமாரிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வேண்டுகிறாள். மன்னன் மறுக்கிறான். உயிர்க்கோழி வேண்டாமெனில் மாவினால் கோழி செய்து பலியிடு என்கிறாள், இசைகிறான். மாவுக்கு உயிரில்லை, வலியில்லை. எனினும் கொல்லும் எண்ணத்தோடு வாள் வீசியமையால், மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்தனர், பிறவிதோறும் அல்லலுற்றனர். அதுவும் ஒரு பதிலியே அன்றோ?

இங்கே நிக்ஷேபம் துணைபுரிகிறது. நாமம், ஸ்தாபனம், திரவியம், பாவம் என ஒரு பொருளை நான்கு நிலையில் அறியலாம். மாக்கோழி ஸ்தாபனம், திரையில் உலவும் விலங்கும் ஸ்தாபனமே. ஒளியும் ஒலியுமாகிய அது புத்கலம், ஜீவன் அன்று. ஆனால் ஸ்தாபனத்தின் முன் நிற்கும் நம் பாவம் பொய்யன்று. கொலை எண்ணத்தால் மாவின் முன்னும் வினை கட்டுமாயின், ஒளியுருவின் முன் நெகிழும் கருணை மட்டும் வீணாகிவிடுமா? ஆகாது என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் ஓர் அச்சம் உண்டு. ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முறை ஒன்று: நேர்ப்பொருள் கிடைத்தால் அதனைக் காட்டு, இல்லையெனில் மாதிரி உரு, அதுவும் இல்லையெனில் படம். ஆண்டுகள் செல்லச் செல்ல நாம் படத்தை மட்டுமே எடுத்துச் சென்றோம். வாசலில் பூத்திருந்த எருக்கை விட்டுவிட்டுக் கரும்பலகையில் எருக்கம்பூ வரைந்த நாளும் உண்டு, எளிதாயிருந்தது. படத்தில் கண்டு இரங்கியபின், இரங்கிவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. சந்திரமதியும் பதிலியைக் கண்டு அப்படித்தான் அமைதியுற்றிருப்பாள். இக்கலைஞர் நம்மை அமைதியுற விடவில்லை. புல் இல்லாத அறையில் விலங்கை விட்டதும், திருந்திய உருவை மீண்டும் சதுரங்களாக்கியதும் அதற்காகவே போலும். அம்மையார் நம் ஆகமம் பயின்றவர் அல்லர். ஆயினும் ஸ்தாபனத்தைத் திரவியமென மயங்காதே என்று சொல்லிவிட்டார்.

பேரன் விரலால் திரையைத் தடவி, "நான் தொடுவது இதற்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "தொட்டால் தெரிகிற இரண்டும் எங்கே இருக்கின்றன?" என்றான். நிலப்பட நூலை எடுத்துக் கொடுத்தோம். கென்யாவை அவனே தேடிக் கண்டுபிடித்தான்.