குறி கேட்டது யார்?

ஒரு பெண்ணின் திருமணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ குறி பார்க்கப்படும்போது, அது பலிக்குமா பலிக்காதா என்றே நாம் விவாதிக்கிறோம். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கேட்டது யார்? வாசித்தது யார்? வந்த பதிலை மறுக்க யாருக்கு உரிமை இருந்தது?

கடலூர் மாவட்டத்துக் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பெண்ணாடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளருக்குப் பிள்ளை இல்லை. தம் குருவான திருத்துறையூர் சகலாகம பண்டிதரை நாடுகிறார். பண்டிதர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கிறார். கயிறு விழுந்த ஏட்டில், திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடினால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்னும் சம்பந்தர் பாடல் வருகிறது. கணவனும் மனைவியும் அங்கே சென்று நீராடி வழிபடுகிறார்கள். இப்பிறவியில் பிள்ளை இல்லை என்று இறைவன் கனவில் சொல்லியும் அச்சுதர் அடங்கவில்லை. சம்பந்தர் வாக்கை நம்பி வந்ததாகப் பதில் சொல்கிறார். அதன்பின் பிறந்தவரே 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார். கயிறு சாத்திய பண்டிதர் பின்னாளில் அவருக்கே சீடராகி அருணந்தி சிவாச்சாரியார் ஆனார். அம்மரபில் பின்பு வந்த உமாபதி சிவம் சிதம்பரத்துக்காரர்.

விதியென்று தலைகுனியச் சொல்லும் கதையல்ல இது. கடவுளின் சொல்லுக்கே எதிர்ச்சொல் வைக்கலாம் என்கிறது. ஆனால் கேட்பவர் கணவர், வாசிப்பவர் குரு, வாதாடுபவரும் கணவர். பிள்ளையைச் சுமக்கப்போகும் மனைவி குளத்தில் இறங்குகிறார். அவர் என்ன கேட்டிருப்பார் என்பதைக் கதை விசாரிப்பதில்லை.

வாதாடும் அந்த உரிமை பெண்ணுக்குக் கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்கிறது பழமொழி. நட்சத்திரம் ஒன்றுதான். பொருளை மாற்றுவது பிறந்த குழந்தையின் பால். வானத்தில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படுவதை எழுதியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

இது நமக்கு மட்டும் உரியதல்ல. பழைய ஜெர்மானியர் பழமரக் கிளையைத் துண்டுகளாக வெட்டிக் குறியிட்டு, வெள்ளைத் துணியில் சிதறவிட்டு, மூன்றை எடுத்துப் பலன் பார்த்ததாக ரோமானியரான டாசிடஸ் கி.பி. 98 வாக்கில் எழுதினார். அவை ரூன் எழுத்துகளா என்று அவர் சொல்லவில்லை. ஊர்க் காரியமென்றால் பூசாரி எடுப்பார், வீட்டுக் காரியமென்றால் குடும்பத் தலைவன் எடுப்பான். ஆனால் கி.மு. 58இல் அவர்களோடு போரிட்ட சீசர் வேறொன்றைப் பதிவு செய்கிறார்: போரிடலாமா என்று சீட்டுப் போட்டுச் சொன்னவர்கள் குடும்பப் பெண்கள். அமாவாசைக்கு முன் போரிட்டால் வெற்றியில்லை என்று அவர்கள் சொன்னதால் படை காத்திருந்தது. இன்று ரூன் கற்களோடு விற்கப்படும் பலன் புத்தகங்களோ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். எழுத்தே இல்லாத வெற்றுக் கல் 1982இல் ரால்ஃப் பிளம் எழுதிய நூலோடு பரவியது. பொருள்கள் எழுதப்படுகின்றன, மாற்றவும் படுகின்றன.

நம்மிடமும் அப்படியொரு பெண் இருக்கிறாள். குறுந்தொகை 23ஆம் பாடலில், தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாய் கட்டுவிச்சியை அழைத்திருக்கிறாள். காரணம் தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். தோழி குறியைப் பழிக்கவில்லை. தலைவனின் மலையைப் பற்றிய பாட்டையே மறுபடி பாடச் சொல்கிறாள். தாயின் கேள்விக்குள் தலைவியின் பதில் நுழைந்துவிடுகிறது. இதை எழுதியவர் ஔவையார்.

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும் பெண்களை மூடநம்பிக்கை என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வராததும் இதனால்தான். 'எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்' என்று சொல்ல முடியாத வீட்டில், 'வெள்ளைப் பூ வரவில்லை' என்று சொல்ல முடிகிறது. மறுப்பின் பழியை அந்தப் பூ சுமந்துகொள்கிறது. ஆனால் அது இரவல் குரல். அடுத்த முறை அதே பூ அவளுக்கு எதிராகவும் வரலாம், அப்போது மறுக்க அவளிடம் சொல் இருக்காது.

ஆகவே குறி பார்ப்பது சரியா தவறா என்பதோடு என் கேள்வி நிற்பதில்லை. அச்சுதர் கனவில் சொன்ன எதிர்ச்சொல்லை, மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணும் தன் வீட்டுக் கூடத்தில் சொல்ல முடிய வேண்டும். பூவையோ சுவடியையோ காட்டாமல் அவள் வேண்டாம் என்றால், அது போதுமான காரணமாக இருக்க வேண்டும்.