இலக்கும் தவக்குலும்

போன மாதம் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையொருத்தி என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு தாள். வழிகாட்டல் கருத்தரங்கு ஒன்றில் எல்லாப் பிள்ளைகளையும் தங்கள் இலக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'இன்ஷா அல்லாஹ், நான் வைத்தியராவேன்' என்று இவள் எழுதியிருந்தாள்.

"இலக்கு எழுதக்குள்ள சந்தேகம் கலக்கக் கூடாதாம் டீச்சர். முன்னுக்கு இருக்கிறத வெட்டிப்போட்டு, 'நான் ஆவேன்' எண்டு மட்டும் எழுதட்டாம். வெட்டுறதா?"

"வெட்டாத மகள். அதுக்குக் கீழ, நாளைக்கு ஸுபஹுக்குப் பொறகு எந்தப் பாடத்தை எடுக்கப்போற எண்டும் எழுது" என்றேன்.

அவளுக்கு அன்று அது போதும். ஆனால் கேள்வி பெரியது. முப்பது வருடத்துக்கு மேல் அம்பாறை மாவட்டத்தின் இந்தக் கரையோரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள் என்ற முறையில், அதற்கு விரிவாகப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

எங்கள் ஊர்களில் இலக்கைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறோம். "நஸீபுல இருந்தா வரும்" என்பது ஒன்று. தொழில் தேடாத மகனைப் பற்றியும், பாடம் படிக்காத பிள்ளையைப் பற்றியும் இப்படித்தான் சொல்லி முடித்துக்கொள்கிறோம். "நினைத்தால் எதையும் சாதிக்கலாம், எல்லாம் உன் கையில்தான்" என்பது மற்றது. இதை மேடை போட்டு ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். ஒன்று பழமை, மற்றது புதுமை என்று தோன்றும். இரண்டும் ஒரே இடத்தில்தான் பிழைக்கின்றன. நமக்குத் தந்த பங்கை அல்லாஹ்விடம் தள்ளிவிடுகிறது முதலாவது. அல்லாஹ்விடம் உள்ள பங்கை நம் கையில் எடுத்துக்கொள்கிறது இரண்டாவது.

ஜும்ஆ நாளில் நாம் ஓதும் ஸூரதுல் கஹ்பில் 23ஆம், 24ஆம் வசனங்கள் இதைப் பற்றியவை. எந்தக் காரியத்தையும் 'நாளை செய்வேன்' என்று, அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்க்காமல் சொல்லக் கூடாது என்பது அங்குள்ள கட்டளை. குறைஷிகள் குகைவாசிகளைப் பற்றிக் கேட்டபோது 'நாளை சொல்கிறேன்' என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவும், அதன்பின் பல நாட்கள் வஹீ வராமல் தாமதித்ததாகவும் தப்ஸீர்களில் படிக்கிறோம். இந்த வசனம் திட்டமிடுவதைத் தடுக்கவில்லை. நாளைக்கென்று ஒரு காரியத்தை நினைக்கிறவனோடுதான் அது பேசுகிறது. நாளையைப் பற்றி எந்த எண்ணமும் இல்லாதவனுக்கு இன்ஷா அல்லாஹ் சொல்ல என்ன இருக்கிறது?

இதை நான் கிதாபில் படிக்கும் முன்பே வயலில் பார்த்தேன். வாப்பா சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை செய்தவர். பெரும்போகத்துக்கு முன்னர் விவசாயிகள் கூட்டம் நடக்கும். எந்தத் திகதியில் வாய்க்காலில் தண்ணீர் விடுவது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எப்போது வெட்டுவது என்றெல்லாம் அங்கே முடிவாகும். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை கட்டிய பிறகு, எங்கள் வட்டைகளின் கணக்கு அந்தக் குளத்து நீரோடு பிணைந்துவிட்டது. கூட்டத்தால் வந்ததும் வாப்பா சுவர்க் கலண்டரில் திகதிகளைச் சுற்றி வட்டம் போடுவார். பிறகு விதைநெல்லை ஒரு இரவும் பகலும் ஊறப் போட்டு, சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி வைப்பார். மூடியை நீக்கிக் கையை உள்ளே விட்டால் நெல் சுடும். வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். அந்தப் பதம் ஒரு நாள் பிந்தினால் முளை நீண்டு, வீசும்போது ஒடிந்துவிடும். முளைநெல்லைத் தோளில் போட்டுக்கொண்டு, வரம்பில் நின்று துஆ ஓதிவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார். வக்கடை கட்டியிருக்கிறதா, தண்ணீர் வடிந்திருக்கிறதா என்று பார்ப்பது துஆவுக்கு முன்னர். "நெல்லுப் போடாத வயலுக்கு துஆக் கேட்டு என்ன மகள்?" என்பார்.

வாப்பா இஹ்யா படித்தவர் இல்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் அல்லாஹ்வின் அருளை எதிர்பார்த்திருப்பதைப் பற்றி எழுதும்போது எடுத்துக்கொள்ளும் உதாரணமும் விவசாயிதான். நல்ல நிலம் தேடி, பழுதில்லாத விதை போட்டு, நீர் பாய்ச்சி, களை பிடுங்கிவிட்டு, இனி அழிவுகளிலிருந்து அல்லாஹ் காப்பான் என்று காத்திருப்பவனுடையது உண்மையான எதிர்பார்ப்பு. நீரேறாத கட்டாந்தரையில் விதையை எறிந்துவிட்டு விளைச்சலைப் பார்த்திருப்பது ஏமாற்றம், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. தவக்குலை, அதாவது அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பதைப் பற்றிய பகுதியிலும், உணவு முன்னால் இருக்க, கையை நீட்டாமல் அது தானாக வாய்க்கு வரும் என்று இருப்பவனைப் பைத்தியக்காரன் என்றே அவர் சொல்கிறார்.

ஷரீஅத்தின் கணக்கிலும் உழைப்புக்கு நிறை உண்டு. வானம் பார்த்து விளைந்த நெல்லுக்கு ஸகாத் பத்தில் ஒன்று. உழைத்தும் செலவழித்தும் நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. மனிதனின் பாடு பொருட்டே இல்லையென்றால், அதற்காக அரைவாசியைக் குறைத்திருக்க மாட்டார்கள்.

2011 ஜனவரி வெள்ளத்தில் கதிர் முற்றும் நேரத்தில் எங்கள் வட்டை முழுவதும் தண்ணீருக்குள் போனது. வாப்பா வரம்பைத் தேடி நடந்தார். வரம்பு எங்கே, வயல் எங்கே என்று தெரியவில்லை. அவர் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'நான் செய்தது வீண்' என்று ஒருபோதும் சொல்லவில்லை. சிறுபோகத்துக்கு விதைநெல் கடன் கேட்டுப் போனார். தன் பங்கு எதுவரை, அதற்கப்பால் யாருடைய பங்கு என்று தெரிந்தவருக்குத்தான் அப்படி எழுந்து நடக்க முடிகிறது.

இனி இலக்கின் பெருமை பேசும்போது எங்கள் ஊரில் எல்லோரும் சுட்டும் பெயருக்கு வருகிறேன். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரஃப், யுத்தம் எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழக வழியை அடைத்திருந்த காலத்தில், இந்தக் கரைக்கே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று நின்றார். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1996இல் அது முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது. இன்று விவசாயியின் மகளும் மீனவரின் மகளும் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பட்டம் எடுத்து வருகிறார்கள்.

துறைமுக அமைச்சராக இருந்த அவருக்கு, அதே ஒலுவிலில் ஒரு துறைமுகம் என்ற கனவும் இருந்தது. 2000 செப்டெம்பர் 16இல், அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். துறைமுகம் பின்வந்தவர்களின் கையால் டென்மார்க் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கரையோரமாக நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. வடக்குப் பக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் தோணியை ஏற்றி வைக்க இடமில்லாமல் மீனவர்கள் நின்றார்கள்.

ஒரே ஊர், ஒரே மனிதரின் ஆசை, நல்ல நோக்கம். ஒன்று தழைத்தது, மற்றது கரையை அழித்தது. நிய்யத் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்று இது சொல்கிறது. மதீனாவில் பேரீச்சம் மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதைப் பற்றி நபியவர்கள் ஒரு கருத்துச் சொல்ல, விவசாயிகள் அதை விட்டுவிட்டார்கள். விளைச்சல் குறைந்தது. உங்கள் உலக விவகாரங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்று அப்போது அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அல்லாஹ்வின் தூதரே தொழில் தெரிந்தவரின் அறிவுக்கு இடம் விட்டார்கள் என்றால், மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தலைமுறையாகப் பார்த்த கரைவலைக்காரரிடம் கேட்பதும், இலக்கை நோக்கி உழைப்பதில் ஒரு பகுதிதான். தகுந்த அறிவைத் தேடாத இலக்கு, இமாம் கஸ்ஸாலி சொன்ன கட்டாந்தரை விதைதான்.

அப்படியென்றால் அறிவும் உழைப்பும் நோக்கமும் எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்காமல் போகிறவர்களுக்கு என்ன பதில்? என் தொழிலில் நான் அதிகம் பார்த்தது அவர்களைத்தான். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலான துறைகளுக்கு அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று பகிரப்படுகிறது. உயர்தரம் மூன்று தடவை எடுக்கலாம். இஸட் ஸ்கோரில் தசம் தாண்டி மூன்றாவது இலக்கத்தில் மருத்துவபீடம் தவறிப்போன பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். 'எல்லாம் உன் கையில்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த நாளில் மிஞ்சுவது ஒரே முடிவுதான்: என் கை சரியில்லை. அதனால்தான் அந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். வென்றவரைப் பெருமைக்காரராக்கி, தோற்றவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது அது.

நம் மார்க்கம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. நல்லதொன்றைச் செய்ய உறுதிகொண்டு, செய்ய முடியாமல் போனவனுக்கும் ஒரு முழு நன்மை எழுதப்படுகிறது என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். தண்ணீர் தேடி ஹாஜரா அம்மையார் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை ஓடினார்கள். ஓடிய இடத்தில் தண்ணீர் கிடைக்கவில்லை, குழந்தையின் அருகில்தான் ஸம்ஸம் பொங்கியது. ஆனாலும் அந்த ஓட்டம்தான் ஹஜ்ஜின் கடமைகளில் ஒன்றாக இன்றுவரை நிற்கிறது. மூன்றாம் தடவையும் மருத்துவம் தவறிய என் மாணவி ஒருத்தி, சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குப் போனாள். இப்போது உயிரியல் படிப்பிக்கிறாள். அவளிடம் படித்த பிள்ளைகள் வைத்தியர்களாகியிருக்கிறார்கள். அவள் படித்த இரவுகளில் ஒன்றும் வீண் போகவில்லை. ஒருவேளை அப்படி எதுவும் கைகூடாமலே போயிருந்தாலும், வீண் போயிருக்காது என்பதுதான் என் நம்பிக்கை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 எங்களுக்கு அதைப் படிப்பித்த நாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். பாதி கட்டிய வீடுகளும், ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசும், பிள்ளைகளின் கொப்பிகளும் ஒரே காலையில் போயின. மருதமுனைக் கரையோரத்தில் தறிகளும் போயின. சில மாதம் கழித்து, தெரிந்த ஒரு நெசவாளர் மணலுக்குள்ளிருந்து எடுத்த தறிக்கட்டையைக் கழுவிப் பூட்டிக்கொண்டிருந்தார். "சாரன் வாங்க ஆள் இருக்கா காக்கா?" என்று கேட்டேன். "வாங்குறது அவங்கட வேல. நெய்யிறது நம்மட வேல" என்றார். கையில் ஒரு மரக்கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும், நட முடிந்தால் நட்டுவிடுங்கள் என்ற நபிமொழியை நான் அன்றுதான் விளங்கினேன். அந்தக் கன்று காய்க்கப் போவதில்லை. நடச் சொன்னது கனிக்காக இல்லை.

இவ்வளவும் நம் சொந்த இலக்குகளைப் பற்றியது. ஆனால் மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை நாம் சுமப்பவற்றில் எத்தனை நம் சொந்தம்? பெண்பிள்ளை பிறந்ததும் வாப்பா வளவு தேடத் தொடங்குகிறார். அவளுக்கொரு வீடு கட்டுவதற்காக உம்மா சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார். தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போடும்வரை காக்காமார் கலியாணம் முடிக்காமல் இருக்கிறார்கள். அந்தப் பாசத்துக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனால் மஹர் கொடுக்கவும், மனைவிக்கு இருப்பிடம் கொடுக்கவும் கடமைப்பட்டவன் மணமகன் என்றுதான் மார்க்கம் சொல்கிறது. ஒரு தாயின் பத்து வருடத்தை வாங்கும் இந்த இலக்கை அல்லாஹ் நமக்கு விதிக்கவில்லை, ஊர் விதித்தது. அதை மாற்ற நினைப்பதும் ஓர் இலக்குத்தான்.

பிள்ளைகளுக்கும் அப்படியே. எட்டாம் ஆண்டிலேயே 'இவன் டொக்டர், இவள் இஞ்சினியர்' என்று நாம் முடிவெடுத்துவிடுகிறோம். ஒருவருக்காக இன்னொருவர் நிய்யத் வைத்துத் தொழுகையை நிறைவேற்ற முடியாது. பிள்ளையின் இடத்தில் நின்று உம்மாவாலும் முடியாது, வாப்பாவாலும் முடியாது. நிய்யத்தின் இடம் அவரவர் கல்பு. ஐந்து வக்துக்கும் நமக்குத் தெரிந்த இந்தச் சட்டத்தை, பிள்ளையின் வாழ்க்கை என்று வரும்போது மட்டும் ஏன் மறக்கிறோம்? என்ன படிக்க ஆசை என்று முதலில் அவர்களிடம் கேட்போம். அதற்கு என்ன அறிவு வேண்டும் என்று தெரிந்தவர்களிடம் கூட்டிப் போவோம். அவர்கள் உழைக்கும்போது துஆவோடு பக்கத்தில் இருப்போம். ரிசல்ட் வரும் நாளில், அது எப்படி வந்தாலும், அவர்கள் உழைத்ததை நாம் பார்த்தோம் என்று சொல்வோம். முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைத்தவர்கள் நாம் என்றால், அன்று நம் முகத்தில் அது தெரிய வேண்டும்.