விழித்திருப்பவர் யார்?

1990களின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். எனக்குத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பனி கொட்டும் நாட்களில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வேன் என்று சொல்ல முடியாது. அதற்கு அம்மா ஓர் ஏற்பாடு செய்தார். வேலையிடத்துப் பொதுத் தொலைபேசியில் 25 சதக் குற்றியைப் போட்டு வீட்டுக்கு அடிக்கவேண்டும். மணி ஒருமுறை ஒலித்ததும் வைத்துவிடவேண்டும். அவர் எடுக்கமாட்டார், குற்றி திரும்பி விழும். ஒரு மணி என்றால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். காசும் போகாது, செய்தியும் போய்விடும்.

ஒரு பெப்ரவரி இரவு அந்தத் தொலைபேசி பழுதாகிக் கிடந்தது. ஒருநாள்தானே என்று விட்டுவிட்டேன். காலையில் வீடு திரும்பியபோது அம்மா குளிர் அங்கியைப் போட்டபடி கதவோரக் கதிரையில் இருந்தார். "எங்கை வந்து தேடுறதெண்டு தெரியேல்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

அன்று அதை என் கவலையீனமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு கேள்வி இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து, கைத்தொலைபேசி எப்படி இயங்குகிறது என்று வாசித்தபோதுதான் கண்டேன்.

சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி ஓயாமல் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். அப்படிப் பேசினால் பற்றரி வெகுசீக்கிரம் தீர்ந்துவிடும். உண்மையில் அது பெரும்பாலான நேரம் காதை மூடிக்கொண்டு தூங்குகிறது. முன்பே பேசி வைத்த ஒரு கணத்தில் மட்டும் விழிக்கிறது. நான்காம் தலைமுறை வலையமைப்புகளில் பெரும்பாலும் 1.28 செக்கனுக்கு ஒருமுறை. தனக்கு அழைப்பு ஏதும் உண்டா என்று கேட்கிறது. இல்லையென்றால் மறுபடி தூக்கம். கோபுரத்துக்கும் அந்தக் கணம் தெரியும். அப்போதுதான் அதைக் கூப்பிடும்.

பேசும்போதும் அது கத்துவதில்லை. மூன்றாம் தலைமுறை வலையமைப்பில் கோபுரம் செக்கனுக்கு 1500 தடவை 'கூட்டு', 'குறை' என்று தொலைபேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பற்றரிக்காக மட்டும் அல்ல. ஒருவர் தேவைக்கு மேல் உரத்துப் பேசினால் பக்கத்தில் இருப்பவரின் குரல் கோபுரத்தில் அமுங்கிப்போகும். ஆகவே குறைத்துப் பேசுவது அயலாருக்குக் காட்டும் மரியாதையும்கூட. எந்நேரமும் தொடர்பில் இருப்பதே அன்பு என்று வாதிடுவோருக்கு இதை நினைவூட்டலாம்.

ஆனால் குறைத்துப் பேசினால் கேட்காமல் போகவும் கூடும். அதனால் செய்தி கிடைத்தால் 'கிடைத்தது' என்று மறுமுனை பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பவேண்டும். நிலவறை மானிகள் போன்ற எட்டாத இடத்துக் கருவிகளுக்காக வந்த நரோபாண்ட் ஐ.ஓ.டி. என்ற முறையில் ஒரே செய்தியை 128 தடவை வரை திருப்பி அனுப்ப இடமுண்டு. ஒரே பற்றரியில் 10 ஆண்டு இயங்கவேண்டும் என்பது அதன் இலக்கு. ஒவ்வொரு தடவை திருப்பிச் சொல்வதும் அந்த ஆயுளில் ஒரு துளியைக் குடிக்கிறது.

எங்கள் நகரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ரொறொன்ரோ மாநகரம் 2010 தொடக்கம் வீடுகளின் நீர்மானிகளில் அளவை வானலையில் அனுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தியது. பற்றரியில் இயங்குபவை. அண்மை ஆண்டுகளில் அவற்றில் பல, எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிட்டன. அளவு வராத வீடுகளுக்கு மதிப்பீட்டுக் கணக்கில் கட்டணச் சீட்டு அனுப்பப்பட்டது. மௌனம் வெறுமையாக இருப்பதில்லை. காத்திருப்பவர் அதைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறார். நீர்க் கணக்கில் அது சில டொலர் வித்தியாசம். 2009 மே 10ஆம் திகதி மாலை எங்கள் சனங்கள் கார்டினர் விரைவுச்சாலையில் இறங்கி நின்றபோது, அவர்களில் எத்தனையோ பேரின் வீட்டில் வன்னியிலிருந்து அழைப்பு வராத ஒரு தொலைபேசி இருந்தது. அந்த மௌனத்தை எந்த ஊகத்தால் நிரப்புவது?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். தொலைபேசி தூங்க முடிவது கோபுரம் தூங்காததால். கைத்தொலைபேசிச் சேவைக்குச் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி கோபுரங்களுக்கே போகிறது. சிறிய கருவி சேமித்ததில் ஒரு பங்கு பெரியதன் கணக்கில் செலவாக எழுதப்படுகிறது. என் 25 சதமும் அப்படித்தான். அதை மிச்சம் பிடித்தது நான் என்று நினைத்திருந்தேன். எடுக்கத் தேவையில்லாத ஒரு மணியைக் கேட்பதற்காக ஒவ்வொரு இரவும் விழித்திருந்து அந்தக் கணக்கை அடைத்தவர் அம்மா.

அதற்காகச் சிக்கனம் பிழை என்று சொல்லமாட்டேன். கோபுரத்திடம் மின்சாரம் இருக்கிறது, தொலைபேசியிடம் இல்லை. இருப்பவர் கூடச் சுமப்பது நியாயந்தான். ஆனால் நாங்கள் இருவரும் அன்று ஒரேயளவு ஏழைகள். மேலும், தொலைபேசி தூங்கும் உரிமையைப் பேசிய கணத்தில் விழிப்பதால் சம்பாதிக்கிறது. அந்தக் கணத்தைத் தவறவிட்டால் அதன் தூக்கத்துக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியாது. குறைவாகப் பேசுகிறவருக்குக் கடமை குறைவதில்லை, கூடுகிறது. நூறு வார்த்தை பேசுகிறவர் ஒன்றைத் தவறவிடலாம். ஒரேயொரு மணி அடிப்பவர் தவறவிடக்கூடாது.

அம்மாவுக்கு இப்போது 84 வயது. முதியோர் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு எனக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைப்பார். மருந்து குடித்துப் படுக்கப் போகிறார் என்று அர்த்தம். காசு மிச்சம் பிடிக்க இன்று தேவையில்லை. பழக்கம். ஒன்பதரைக்கு நான் எங்கிருந்தாலும் தொலைபேசியைப் பார்த்தபடி இருக்கிறேன். அந்தக் கதிரை இப்போது என்னுடையது.

போன மாதம் தொடக்கம் நானும் பதிலுக்கு ஒரு மணி அடிக்கிறேன். அன்று அவரிடமிருந்து எனக்கு அப்படியொரு பதில் வந்ததில்லை. என் மணி கேட்டதா என்று நான் ஒருநாளும் யோசித்ததுமில்லை.

"நீ அடிச்சது எனக்குக் கேட்டதெண்டு நீ எப்பிடி அறிவாய்?" என்று அம்மா கேட்டார்.

1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹியூபர் என்ற மூவர் எழுதிய கணினிக் கட்டுரையில் இதே சிக்கல் இருக்கிறது. செய்தி தொலையக்கூடிய பாதையில் எத்தனை பதிலுக்குப் பதில் அனுப்பினாலும், கடைசியாக அனுப்பியவருக்குச் சந்தேகம் தீராது. எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி, மற்றவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

"அறியமாட்டன், அம்மா" என்றேன்.

"அப்ப சரி, படு" என்றார்.