பொறுத்தலும் காத்திருத்தலும்

வலியைப் பொறுத்துக்கொள்பவளை நம் வீடுகள் நல்ல பெண் என்கின்றன. வலியைச் சொல்பவளுக்கோ, ‘எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதானே’ என்ற பதில் தயாராக இருக்கிறது. என் வயிற்றிலிருக்கும் நோய்க்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பு உண்டு.

சிறுகுடலைத் தடித்த நார்ச்சவ்வு ஒன்று உறைபோல மூடிக்கொள்ளும் அரிய நோய் அது. 1907இலேயே மருத்துவ உலகம் அதைப் பதிவு செய்துவிட்டது. 1978இல் ஃபூ என்பவரும் அவருடைய சக மருத்துவர்களும், குடலடைப்போடு வந்த வளரிளம் பெண்களிடம் இதைக் கண்டு ‘அப்டாமினல் கக்கூன்’ என்று பெயரிட்டார்கள். வயிற்றுக்குள் ஒரு பட்டுக்கூடு. கவிதை எழுதுகிறவளை மயக்கும் பெயர்தான். ஆனால் பட்டுக்கூட்டிலிருந்து நூலெடுக்க, உள்ளிருக்கும் உயிரோடு அதை வெந்நீரில் போடுவார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

பெண்களிடம் கண்டதால், மாதவிடாய் இரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றறைக்குள் கசிவது காரணமாகலாம் என்று ஊகித்தார்கள். பிறகு ஆண்களிடமும் இந்நோய் தென்பட்டபோது அந்த ஊகம் போதவில்லை. நம் நாட்டில் முக்கியமான காரணங்களில் ஒன்று காசநோய். தாம்பரத்தில் 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோய்க்கென்று தொடங்கிய சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் தந்திருக்கிறது. ஆனாலும் காசநோய் என்றால் இங்கே நுரையீரல்தான். அது குடலிலும் கருக்குழாயிலும் தங்கும் என்பது பேசப்படுவதில்லை. பதினேழு வயதில் தொடங்கிய என் வலிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாதவிலக்கு வலி என்றே பெயர். ‘கல்யாணமானா சரியாயிடும்’ என்றார்கள், பிறகு ‘பிள்ளை பெத்தா சரியாயிடும்’ என்றார்கள். கடைசியில் ஒரு சி.டி. ஸ்கேன்தான் உண்மையைச் சொன்னது.

அறுத்து எடுத்துவிடலாமே என்று கேட்பது எளிது. சவ்வைக் குடலிலிருந்து உரித்தெடுப்பதுதான் இதற்கான அறுவை சிகிச்சை. உரிக்கும்போது குடலில் ஓட்டை விழலாம். கசிவு ஏற்பட்டால் வயிறு முழுக்கச் சீழ் பிடிக்கலாம். குடலின் பெரும்பகுதியை வெட்ட நேர்ந்தால் உணவின் சத்தை உடல் உறிஞ்சாது. எல்லாம் நன்றாக முடிந்தாலும், ஆறும் புண்ணே புதிய ஒட்டுதல்களை உண்டாக்கி மறுபடி அடைப்பைக் கொண்டுவரலாம். தொல்லை குறைவாக இருக்கும்வரை கத்தியைத் தொடாமல் கவனித்துவரும் வழியும் உண்டு.

இப்போதைக்கு நான் அந்த வழியில் இருக்கிறேன். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பலாச்சுளை கிடையாது. குழைந்த சோறு, ரசம், இட்லி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றும் மலமும் பிரியாமல் போனால் உடனே மருத்துவமனை. குடலுக்கு இரத்தம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அப்போது காத்திருப்பது தற்கொலை.

பொறுத்துக்கொள்வதும் காத்திருப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஒரு பெண் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்திருக்கிறாள். பொறுப்பவளிடம் யாரும் எதையும் விளக்கவில்லை, அவளிடம் எதுவும் கேட்கவுமில்லை. காத்திருப்பவளுக்கு எதற்காக, எதுவரை என்று தெரியும். முதலாவதை அறம் என்று சொல்லி இவ்வளவு காலம் நம்மிடம் விற்றிருக்கிறார்கள்.

நோய் தெரிந்ததும் என் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. ‘ஆபரேஷன் பண்ணி முடிச்சிடலாம்’ என்றார் அண்ணன். ‘வயித்துல கத்தி வெக்கக் கூடாது’ என்றார் மாமியார். இரண்டு பக்கமும் அன்பு இருந்தது. என்னிடம் கேட்க இரண்டு பக்கத்துக்கும் தோன்றவில்லை.

டெல்லியில் 1995இல், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த சமீரா கோலிக்கு, வெளியே இருந்த தாயின் சம்மதத்தின் பேரில் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அப்போது அவருக்கு வயது 44. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, சுயநினைவு திரும்பி அவரே முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. நல்லதுக்குத்தான் செய்தோம் என்பது சம்மதத்துக்கு ஈடாகாது.

ஆனால் சம்மதத்துக்கும் வசதி வேண்டியிருக்கிறது. எனக்கு மருத்துவ விடுப்பு உண்டு, சந்தேகம் கேட்கும் மொழியும் உண்டு. சானடோரியம் நிலையத்தை ஒட்டிய மெப்ஸ் வளாகத்தில் ஷிப்டு முடித்து வருகிற பெண்ணுக்கு ஒரு நாள் ஸ்கேன் என்பது ஒரு நாள் கூலி. அவளிடம் ‘உன் உடல், உன் முடிவு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது பாதி அறம்தான். அந்த முடிவை எடுக்கத் தேவையான விடுப்பும் பணமும் விளக்கமும் அவளுக்குக் கிடைக்கும்போதுதான் மீதிப் பாதி தொடங்கும்.

எந்த நிலையில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம், நான் நினைவிழந்தால் என் சார்பில் யார் பேசுவது என்பதை எழுதி மருத்துவரிடமும் வீட்டிலும் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பது என் கையெழுத்து. அதற்குக் கீழே என் மகள் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: ‘அம்மா வலிக்குதுன்னு சொன்னா, வலிக்குதுன்னுதான் அர்த்தம்.’