உப்பிட்டவரின் கடன்

சிங்கவரம் குன்றேறி, பல்லவர் காலக் குடைவரையில் பள்ளிகொண்டருளும் ஸ்ரீரங்கநாதனைச் சேவித்த அடியார்கள், அங்கே வழங்கும் வரலாற்றையும் கேட்டிருப்பர். போருக்குப் புறப்பட்ட ராஜா தேசிங்கு விடைபெற வந்து நின்றபோது, எம்பெருமான் உடன்படாது திருமுகத்தைத் திருப்பிக்கொண்டான் என்பர். தேசிங்கு நிற்கவில்லை. தந்தை சொரூப்சிங் மறைந்த அதே 1714-ஆம் ஆண்டில், கப்பம் கேட்டு வந்த ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையோடு பொருது மாண்டான். நண்பன் மகபத்கான் மணக்கோலத்தை விட்டு ஓடிவந்து உடன் மடிந்ததாக நாட்டுப்பாடல் கூறும்.

நண்பனின் விசுவாசத்தை வியக்கிறோம். அவ்விசுவாசத்தைப் பெற்றவனுக்கு என்ன கடமை என்று கேட்பாரில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது உண்டவனுக்குச் சொன்னது. உப்பிட்டவனுக்கு?

குடும்பத் தொழில்களில் இக்கேள்வி நாள்தோறும் எழுகின்றது. பெரியவரின் நேர்மையைக் கண்டு முப்பதாண்டு உழைத்த கணக்கப்பிள்ளை, மகன் கல்லாவில் அமர்ந்ததும் அந்த அன்பை அப்படியே அவனுக்கும் அளிக்கிறார். ஈட்டியவர் தந்தை, செலவிடுபவன் மகன். நெல் எடையில் சிறிது குறைக்குமாறு அவன் சொன்னால், முதல் நாள் அவர் கை நடுங்கும். மறுநாள் 'சின்ன முதலாளி உத்தரவு' என்பார். பிறகு உத்தரவின்றியே, மூட்டை சுமப்பவனின் கூலியிலும் அவர் கை வைப்பார். விசுவாசிதான் முதலில் கெடுகிறார். விசுவாசமற்றவன் வேறு கடை பார்த்துக்கொள்வான்!

ஸர்வேச்வரன் பார்த்தனுக்குத் தேரோட்டியதோடு அமையாமல், போர்க்களத்தில் குதிரைகளுக்கு நீர் காட்டி ஆற்றியதையும் பாரதம் சொல்லும். நம் ஆசாரியர்கள் ஸௌலப்யம் என்று உருகுவது இதனையே.

திருக்குறுங்குடி திவ்யதேசத்தில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய தொழில், மக்கள், பேரர் என்று தலைமுறை கடந்து வளர்ந்தது. பேரர் வேணு சீனிவாசன் இளமையில் பள்ளி விடுமுறைகளில் பணிமனையில் மெக்கானிக்காக வேலை செய்தவர். இதைத் தொழில் கற்கும் வழியென்று மட்டும் கருதுவது போதாது. எண்ணெய்க் கறையோடு தன்னருகே ஸ்பானர் பிடித்த பிள்ளையிடம், பின்னாளில் 'இது சரியில்லை, தம்பி' என்று சொல்லத் தொழிலாளிக்கு வாய் வரும். கண்ணாடி அறைக்குள் மட்டும் கண்ட சின்ன முதலாளியிடம் அவன் 'சரிங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.