வாள் சொன்னது வரைக்கும்

பழைய ஐரோப்பியக் குதிரைப்படை வாள்களைச் சேர்க்கும் நண்பர் ஒருவர் கோவை பீளமேட்டில் இருக்கிறார். பவுண்டரி வைத்திருப்பவர், இரும்போடு பிறந்து வளர்ந்தவர். வாளைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் முதலில் ஒரு வீச்சு வீசிப் பார்ப்பார்கள். அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு பிடிக்குக் கீழே அலகின் அடிப்பகுதியைத் தேடுவார். செய்தவர் பெயர், படைப்பிரிவின் குறி, வரிசை எண் எல்லாம் பிடியிலோ அலகின் அடியிலோதான் இருக்கும். அதைப் பிடித்துச் சண்டை போட்டவன் பெயர் அநேகமாக இருக்காது. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கியதால் பெயரெழுத்துகளைப் பொறித்துக்கொண்டார்கள். சிப்பாயின் வாள் அரசாங்கச் சொத்து. அவன் செத்தால் அடுத்தவன் கைக்குப் போய்விடும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க, இது சின்னமலை கூட சண்டை போட்ட வெள்ளைக்காரன் வாளுங்களா?" பிரிட்டிஷாரை எதிர்த்துத் தூக்கில் ஏறிய கொங்குத் தலைவர் தீரன் சின்னமலையைத்தான் சொல்கிறார்கள். நண்பர் "தெரியாதுங்க" என்பார். கேட்டவர் முகம் வாடும். "இருக்கும்ங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கே தோன்றியதுண்டு.

கொங்கு மண்ணில் இந்த ஆசைக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 1790 ஜூலையில் பிரிட்டிஷ் தளபதி மெடோஸின் படை கோவையைப் பிடித்தது. செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜலஹட்டி கணவாய் வழியாக இறங்கி வந்தார். 13ஆம் தேதி சத்தியமங்கலத்தில் அவரை எதிர்கொண்ட பிரிட்டிஷ் தளபதி ஃபிளாய்டின் படையில் பிரிட்டனிலிருந்து வந்த 19ஆம் இலகு டிராகூன் குதிரைப்படை இருந்தது. ஆக, ஐரோப்பியக் குதிரைவீரனின் வாள் பவானிக் கரையில் உருவப்பட்டது உண்மை. ஆனால் அது எந்த வாள்? 'நடந்திருக்கலாம்' என்பது 'நடந்தது' ஆக ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

ஒருமுறை ஒரு வியாபாரி நண்பரிடம் வளைந்த வாள் ஒன்றைக் கொண்டுவந்தார். சத்தியமங்கலம் போரில் கிடைத்தது என்று சொல்லி, அந்தக் கதைக்கும் சேர்த்தே விலை வைத்தார். நண்பர் அலகைப் பார்த்தார். நுனியை நெருங்கும்போது அகலமாகும் அலகு, முப்பத்து மூன்று அங்குலம் போல நீளம், ஒற்றை வளைவுக் கைக்காப்பு. பிரிட்டிஷ் குதிரைப்படையின் 1796ஆம் ஆண்டு மாதிரி வாள் அது. பிளாண்டர்ஸ் போரில் பிரிட்டிஷ் வாள்கள் சொதப்பியதைக் கண்ட ஜான் காஸ்பர்ட் லெ மார்ஷன் உருவாக்கிய வடிவம். பிரஷ்யர்களே பிறகு அதைப் பார்த்துத் தங்களுக்கும் செய்துகொண்டார்கள். 1796இல் பிறந்த வாள் 1790இல் எப்படிப் போர் செய்யும்? நண்பர் பேரம் பேசி வாளை வாங்கினார், கதையை வியாபாரியிடமே விட்டுவிட்டார்.

அதே வாளைச் சின்னமலையோடு முடிச்சுப் போட்டிருந்தால் தேதி இடிக்காது. அவர் வெள்ளையரோடு மோதியது 1801 முதல். அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805இல். ஆனால் தேதி பொருந்துவதே சாட்சியாகிவிடாது. அப்பட்டமான பொய்யைக் காட்டிலும் பொருந்துகிற கதைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ஏனென்றால் இந்தியாவுக்கு வந்த வாள்கள் வந்தபடியே இருக்கவில்லை. பிரிட்டிஷ் குதிரைப்படையின் கேப்டன் நோலன் 1853இல் வெளியிட்ட குதிரைப்படை பற்றிய நூலில் ஒரு செய்தி இருக்கிறது. ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் போரில் ஏற்படுத்திய வெட்டுக்காயங்களைப் பற்றிப் படித்து மலைத்துப் போனவர், அவை என்ன வாள்கள் என்று தேடினார். பிரிட்டிஷ் படை கழித்துப் போட்ட டிராகூன் அலகுகள்! நம்மாட்கள் அவற்றுக்கு இந்தியப் பிடி போட்டு, சவரக் கத்தி போலத் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ்காரன் அதே அலகை இரும்பு உறையில் போட்டுப் போட்டு மழுங்கடித்திருந்தான். (இதை எழுதிய மறு ஆண்டே நோலன் கிரிமியப் போரின் பாலக்லாவா பாய்ச்சலில் முதல் ஆட்களில் ஒருவராக மடிந்தார்.) அலகு ஓர் ஊர், பிடி ஓர் ஊர், தீட்டியவன் வேறொருவன் என்றால் அந்த வாளை யாருடையது என்பது?

மிஞ்சியிருந்த சாட்சிகளும் உருகிப் போயின. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையில் ஐரோப்பிய அலகு பொருத்திய வாள்களும் கட்டாரிகளும் குவிந்து கிடந்தன. அரசு பறிபோனபின், சென்னை அருங்காட்சியகத்துக்குச் சிலவற்றை ஒதுக்கிவிட்டு, மீதியை 1860களில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். அந்தக் கொடுமையை 1878இல் எழுதிவைத்தவர் எம். ஜே. வால்ஹவுஸ். கோவை மாவட்டத்துக் கற்பதுக்கைகளைப் பற்றியும் எழுதிய அதே சிவில் அதிகாரி.

கதைக்கு எவ்வளவு விலை என்பதை லண்டன் பான்ஹாம்ஸ் ஏலம் 2023 மே மாதத்தில் காட்டிவிட்டது. திப்புவின் படுக்கையறை வாள் 1.4 கோடி பவுண்டுக்குப் போயிற்று. இரும்புக்கு அந்த விலை இல்லை. பெயருக்குத்தான்.

எனக்கு இதில் உறுத்துவது பணம் அல்ல. நாமும் நம் வீட்டு வரலாற்றை இப்படித்தானே நடத்துகிறோம்? பாட்டன் கிணறு வெட்டினார், பருத்தி விதைத்தார், கடன் வாங்கிப் பெண்களைக் கட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான் தெரியும். அது போதவில்லை நமக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் சேர்ந்தால் பாட்டனுக்கு ஒரு குதிரையும் வந்துவிடுகிறது, ஒரு பட்டமும் வந்துவிடுகிறது. வாழ்ந்த மனிதர் மறைந்து, நமக்குத் தேவையான மனிதர் அந்த இடத்தில் உட்காருகிறார். பெருமைப்படுத்துவதாக நினைத்து அவரை இரண்டாம் முறை புதைக்கிறோம் என்றுகூடச் சொல்வேன். பெயர் இல்லாத சிப்பாயின் வாளுக்கு அதன் நெளிவும் துருவும் போதும் என்று ஏற்றுக்கொள்ள முடிந்த ஒருவரால்தான், பெயர் பெறாத தன் மனிதர்களையும் உள்ளபடி நேசிக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. நண்பர் இதைக் கேட்டால் சிரிப்பார். அவருக்கு இதெல்லாம் வெறும் கணக்கு சுத்தம்.

ஒவ்வொரு வாளுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறார்: மாதிரி, செய்தவர், குறிகள், பழுதுகள். 'போரிட்ட இடம்' என்ற வரியில் பெரும்பாலும் 'தெரியாது'. மகன் வெளிநாட்டில். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் இடம் தராது, எனவே ஒரு நாள் இவை உள்ளூரிலேயே கைமாறும். வாங்குகிறவர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சின்னமலை கதையைச் சொல்ல எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"அது அவரு பாடுங்க," என்றார்.